தாமதத்துக்குக் காரணம்: ஓட்டுநர்

கோலாலம்பூரில் இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போன டத்தோ காளிதாஸ் போன ஆளாகத் திரும்பவில்லை. போகும்போது அவர் கெலாங் பாத்தாவில் உறைந்த ரொட்டி சானாயும் உளுந்து வடையும் செய்து விற்கிற ஒரு தொழிற்சாலையின் முதலாளி, சுல்தான் கொடுத்த டத்தோ பட்டம் ஒன்றும் உண்டு. வரும்போது 'உருமாற்றத் தலைவர்'. கழுத்தில் தொங்கிய அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. வியாழக்கிழமை வரைக்கும் அதை அவர் கழற்றவில்லை.

தொழிற்சாலையில் தினமும் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து இரண்டு தலைமுறை ஆனாலும் பெரட்டு கூடவே வந்துவிட்டது. அந்த வாரம் ஒரு நாள் பெரட்டில் டத்தோ ஒரு பெட்டிமேல் ஏறி நின்றார்.

"இனிமே இந்தக் கம்பெனியில நான் பேசமாட்டேன். சிஸ்டம் பேசும்" என்றார். சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் பேசினார்.

சரக்கு, லோரி, ஆள், விடுப்பு, கழிவறைத் தாள் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டு வந்துவிடுவதாம். யார் வேலை செய்கிறான், யார் வேலை செய்வதுபோல் நிற்கிறான் என்பதை அது பச்சை, சிவப்பு என்று காட்டிவிடுமாம். கூட்டத்தின் முன்வரிசையில் நின்று, டத்தோ மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தவர் சுகுமாறன். செயல்பாட்டு மேலாளர், வயது ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருடம் தலையாட்டிய கழுத்து. அந்த அனுபவம் வீண்போகவில்லை. பெரட்டு முடிந்ததும் டத்தோ அவர் தோளில் கை போட்டு மாடிக்கு அழைத்துப் போனார்.

மாடியில் ஒரு கண்ணாடி அறை காலியாகக் கிடந்தது. பொது மேலாளருக்கென்று கட்டியது. மேசை வந்தாயிற்று, பிளாஸ்டிக் உறை பிரிக்காத தோல் நாற்காலியும் வந்தாயிற்று, மேலாளர்தான் வரவில்லை.

"மூணு மாசம், சுகுமாறன். டைமுக்கு டெலிவரி தொண்ணூத்தஞ்சு பெர்சென்ட். சிஸ்டத்துல பச்சை வந்துச்சுன்னா இந்த ரூம் உனக்கு. வரலைன்னா வெளிய ஆள் எடுத்துருவேன் லா."

அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் சுகுமாறன் மாடிக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பிளாஸ்டிக் உறை அநாகரிகமாக ஒரு சத்தம் போட்டது. யாரும் இல்லையென்று தெரிந்தும் எழுந்து நின்றுவிட்டார்.

மென்பொருளை அமைத்துத் தர ஜொகூர் பாருவிலிருந்து ஆப்ரின் என்ற பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிறவள். அதனாலேயே அந்த அலுவலகத்தில் அவளை யாருக்கும் பிடிக்கவில்லை. முதல் கூட்டத்துக்கு டத்தோ, டத்தோவின் மனைவி என்பதால் டத்தின் ஆன கஸ்தூரி, சுகுமாறன் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"லோரி வெளிய போகக்கூடாத நேரம் ஏதாச்சும் இருக்கா? லீவு நாள், மெயின்டனன்ஸ், அந்த மாதிரி?" என்று ஆப்ரின் கேட்டாள்.

"ராகு காலம்" என்றார் டத்தின்.

டத்தோ கூரையைப் பார்த்தார். டத்தின் வாய் திறக்கும்போது கூரையைப் பார்ப்பது அவருடைய முப்பது வருட இல்லறத்தின் ரகசியம். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து ராகு காலத்தில் லோரி கிளம்பக்கூடாது என்பது டத்தினுடைய சட்டம். மற்ற நாட்களில் அது பெரிய தொந்தரவில்லை. திங்கட்கிழமைதான் வில்லங்கம். அன்றைக்குக் காலை ஏழரைக்கு ராகு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே நேரத்தில்தான் சிங்கப்பூர் லோரியும் கிளம்பவேண்டும். இரண்டாவது பாலம் தாண்டி ஜூரோங்கில் பதினோரு கடைகளுக்குச் சரக்கு. பதினொரு மணிக்குமேல் வந்தால் எந்தக் கடையிலும் வாங்கமாட்டார்கள்.

இத்தனை வருடமும் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்றால், லோரி ஓட்டுகிற சின்னத்தம்பி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். சரக்கு முழுதும் தயாராக ஏழரைக்குமேல் ஆகும் என்பதால், திங்கட்கிழமை ஏழேகாலுக்குப் பாதிச் சரக்கோடு லோரியைக் கேட்டுக்கு வெளியே பத்தடி நகர்த்தி, ரோட்டோரம் நிறுத்திவிடுவான். கிளம்பியாயிற்று! டத்தின் வீட்டுக்கு 'லோரி கெளம்பிருச்சு' என்று ஒரு செய்தியும் போய்விடும். அதற்குப் பிறகு மீதிப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் ஏற்றுவார்கள். எட்டு மணிக்கு உண்மையாகவே கிளம்புவான். ராகுவுக்கும் மரியாதை, கடைக்காரனுக்கும் சரக்கு. அந்தப் பத்தடியில் பதினான்கு வருடம் ஒரு கம்பெனி ஓடியது. டத்தோவையும் டத்தினையும் தவிர எல்லாருக்கும் இது தெரியும். சுகுமாறனுக்கு நன்றாகவே தெரியும். செய்தி அனுப்புகிறவரே அவர்தான்.

அப்படித் தெரிந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மாடியில் ஒரு நாற்காலி இருந்ததே. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டார்.

"சிஸ்டத்துலயே பூட்டிடலாம், டத்தின். அந்த நேரத்துல கேட்டு தொறக்கவே தொறக்காது. மனுஷன் மறப்பான், சிஸ்டம் மறக்குமா?"

டத்தின் உருகிப்போனார். "பாத்தீங்களா? படிச்சவங்களுக்கும் பக்தி இருக்கு" என்றார் டத்தோவிடம்.

ஆப்ரின் தட்டச்சு செய்தபடியே, "இந்தியா நேரமா, மலேசியா நேரமா, டத்தின்? இங்க சூரியன் லேட்டாதானே வரும்?" என்றாள்.

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. மலேசியப் பஞ்சாங்கப்படி அன்றைய ராகு எட்டரைக்கு வந்து பத்து மணிவரை இருக்கும். டத்தின் கண்ணை மூடித் திறந்தார்.

"ரெண்டையும் போட்டுடும்மா. எதுக்கு வம்பு."

"அருமையான முடிவு, டத்தின்" என்றார் சுகுமாறன். ஏழரையிலிருந்து பத்து வரை திங்கட்கிழமை செத்தது.

முதல் திங்கட்கிழமை சின்னத்தம்பி வழக்கம்போல ஏழேகாலுக்கு லோரியைக் கேட்டுவரை கொண்டுவந்தான். கேட்டுக் கட்டை மேலே போகவில்லை. பெட்டிகள் எல்லாம் ஏற்றும் மேடையிலேயே ஒவ்வொன்றாக ஸ்கேன் ஆகவேண்டும், அதற்கப்புறம்தான் கேட்டு திறக்கும் என்று காவலாளி சொன்னான். லோரியைத் திரும்பப் பின்னால் எடுத்து வந்து ஏற்றினார்கள். கடைசிப் பெட்டி ஸ்கேன் ஆனபோது மணி ஏழு ஐம்பது. திரையில் ஒரு சிவப்புக் கட்டம் எழுந்து நின்றது: வெளியேற்றத்துக்கு அனுமதியில்லை.

சின்னத்தம்பி லோரியிலிருந்து இறங்கினான். நாற்பத்தெட்டு வயது, சட்டைப் பையில் எப்போதும் கரண்ட் பார்க்கிற ஒரு டெஸ்ட் பென், வாயில் எப்போதும் ஒரு நக்கல். "அலமாக்! ராகு கம்ப்யூட்டர் படிச்சிட்டாரா?" என்றான். ஏற்றுமேடையில் எல்லாரும் சிரித்தார்கள். பத்து மணிவரை சிரித்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஜூரோங்குக்குப் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தான். பதினோரு கடையும் வாங்கவில்லை. அப்படியே திரும்பி வந்தான். திரையில் பதினோரு சிவப்பு.

ஒவ்வொரு சிவப்புக்கும் காரணம் போடவேண்டும் என்றது மென்பொருள். அதைப் போடுகிற அதிகாரம் சுகுமாறனுக்கு. பட்டியலில் நான்கு இருந்தன: ஓட்டுநர், வாகனம், சாலை, வாடிக்கையாளர்.

"இதுல ராகு காலம்னு ஒண்ணு சேக்கலாமா?" என்று ஆப்ரினிடம் கேட்டார்.

"ஒரு நிமிஷ வேலை சார். சேக்கட்டுமா?"

சுகுமாறன் யோசித்தார். சேர்த்தால் என்ன ஆகும்? வார முடிவில் டத்தோ முன்னால் ஒரு படம் வரும்: தாமதத்துக்குக் காரணம், ராகு காலம், நூறு சதவீதம். அதைப் பூட்டலாம் என்று சொன்னது நீதானே என்று டத்தோ கேட்பார். டத்தினுடைய நம்பிக்கையால்தான் நஷ்டம் என்று டத்தினிடமே போய்ச் சொல்லவேண்டி வரும். மாடியிலிருந்த நாற்காலி கண்முன்னே சக்கரம் வைத்து நகர்ந்து போனது.

"வேணாம்" என்றார்.

வாகனம் என்று போட்டால் பட்டறைக்காரன் சண்டைக்கு வருவான். சாலை என்று போட்டால் டத்தோவே அந்தச் சாலையில்தான் தினமும் வருகிறார். வாடிக்கையாளர் மேல் பழி போட்டால் அவன் திருப்பிக் கடிதம் எழுதுவான். பதில் எழுதத் தெரியாதவன் ஒருத்தன்தான் மிச்சம். ஓட்டுநர் என்பதைப் பதினோரு முறை அழுத்தினார்.

அடுத்த திங்களும் பதினொன்று. மூன்றாவது திங்களும் பதினொன்று. எச்சரிக்கைக் கடிதங்களை மென்பொருள் தானே அச்சடித்துத் தள்ளியது. சுகுமாறன் கீழே கையெழுத்து மட்டும் போட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சின்னத்தம்பி வேறு யாருமில்லை, சுகுமாறன் மனைவி பிரேமலாவின் சொந்தத் தம்பி. கம்பெனியில் 'சார்', வீட்டில் 'மாமா'.

இரண்டாவது கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தான். நியாயம் கேட்க வரவில்லை. அக்கா வீட்டுத் துணி துவைக்கிற மெஷின் தண்ணீர் ஒழுகுகிறதென்று கூப்பிட்டிருந்தாள். பின்பக்கத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் படுத்தபடியே பேசினான்.

"மாமா, டத்தோகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் ஏழு மணிக்கே நிக்கறேன், கேட்டு தொறக்கமாட்டேங்குது. இதுல நான் என்ன லேட்டு?"

"சொல்றேன்டா."

"மூணாவது லெட்டர் வந்தா தூக்கிருவாங்களாம். எனக்கு இனிப்பு நீர் வியாதி இருக்கு, இந்த வயசுல வேற எவன் மாமா லோரி குடுப்பான்? என் மவ கவிதா வேற பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருஷம்."

"சொல்றேன்னு சொன்னேன்ல?"

"நீங்க சொன்னா நடக்கும் மாமா. ஸ்பேனர் அந்தப் பக்கம் இருக்கு பாருங்க."

சுகுமாறன் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அவனுக்காக அவர் செய்த உதவி அது ஒன்றுதான்.

சொல்லாமல் இருந்தார் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை சொல்லத்தான் போனார். டத்தோவின் அறைச் சுவரில் ஆளுயரத் திரை மாட்டியிருந்தது. அதில் ஒரு பெரிய வட்டம், முழுக்க ஒரே நிறம்.

"பாரு சுகுமாறன். லேட்டுக்குக் காரணம் டிரைவர், நூறு பெர்சென்ட். நூறு! இத்தன வருஷம் நம்ம கண்ணுக்குத் தெரியல. டேட்டா பொய் சொல்லுமா?"

"சொல்லாது, டத்தோ."

"ஒருத்தன்தான். அவன எடுத்துட்டா பச்சை ஆயிரும்." டத்தோ நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தார். "உன் மச்சானாமே?"

இதுதான் நல்ல நேரம். 'டத்தோ, அவன்மேல் தப்பில்லை' என்று, கேட்டைத் திறந்துவிட்டால் போதும் என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"வீட்டுல சொந்தம் டத்தோ. இங்க ஸ்டாஃப்."

டத்தோ மேசையைத் தட்டினார். "நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் கேட்டேன். ஜி.எம். ஆகறவன் இப்படித்தான் இருக்கணும். எனக்கே கஷ்டமா இருக்கு லா, உனக்குக் கஷ்டமே இல்ல பாரு!"

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சுகுமாறன் படியிறங்கினார்.

மூன்றாவது கடிதத்தோடு வேலைநீக்கக் கடிதமும் சேர்ந்தே வந்தது. சின்னத்தம்பியைச் சுகுமாறன் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. காகிதத்தைத் தூரத்தில் பிடித்து வாசித்தான்.

"தாமதத்துக்குக் காரணம், ஓட்டுநர்... ஓட்டுநர்... முப்பத்து மூணு தடவ போட்டிருக்கு, சார். யாரு சார் இதப் போட்டது?"

"சிஸ்டம்."

"சிஸ்டத்துக்கு எப்படி சார் தெரியும், நான்தான்னு?"

"அது கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும்."

சின்னத்தம்பி தலையாட்டினான். லோரியின் எந்தக் கோளாறையும் காதால் கேட்டே சொல்லிவிடுகிறவன். சத்தமே போடாத ஓர் இயந்திரம் தன்னைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறதென்றால் ஏதாவது இருக்கும் என்று நினைத்துவிட்டான்போல. "நான் கொஞ்சம் மெதுவாத்தான் ஓட்டறேனோ என்னவோ" என்றான். சாவியை மேசைமேல் வைத்தான். வைத்த பிறகு மறுபடி எடுத்து, வளையத்திலிருந்து தன் வீட்டுச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு போனான். நகம் உடைந்திருந்ததால் அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சுகுமாறன் அதுவரைக்கும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பிரேமலா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அந்தக் கேட்ட நீங்கதானே பூட்டச் சொன்னீங்க? அன்னிக்கு வந்து பெருமையாச் சொன்னீங்களே, டத்தின் மயங்கிட்டாங்கன்னு."

"ஆமா, நான்தான். இப்ப அதப் போய்ச் சொன்னா, ரூம் போயிரும். வேலையும் போயிரும். ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுல நிக்கலாமா, சொல்லு."

பிரேமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய்த் தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்து வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அந்த ரூம்ல ஏர்கோன் தனியாவா?"

"தனிதான்."

சின்னத்தம்பி போனதும் பச்சை வந்ததா என்றால் வரவில்லை. அவன் இடத்துக்கு ஜீவன் என்ற இளவட்டத்தைப் போட்டார்கள். காற்றாகப் பறக்கிறவன். அவனும் திங்கட்கிழமை பத்து மணிவரை கேட்டுக்கு முன்னால் பறக்காமல் நின்றான். எண்பத்தொன்பது சதவீதம், எண்பத்தொன்பது, எண்பத்தொன்பது. இரண்டு மாதம் தாண்டிவிட்டது. சுகுமாறனுக்குத் தூக்கம் போயிற்று.

காப்பாற்றியது ஜூரோங்காரர்கள்தான். நேரத்துக்கு வராத சரக்கு எங்களுக்கு வேண்டாம் என்று பதினோரு கடைக்கும் சேர்த்து ஒரே வரியில் எழுதி, வியாபாரத்தையே முறித்துக்கொண்டார்கள். கடிதத்தைப் படித்துச் சுகுமாறன் தலையில் கை வைத்தார். ஆனால் அடுத்த திங்கட்கிழமை திரையைத் திறந்தால், ஒரே பச்சை! அனுப்பாத சரக்கு எப்படித் தாமதமாகும்? தொண்ணூற்றொன்பது சதவீதம். இவ்வளவு சுலபமான வழி தனக்கு முதலிலேயே தோன்றாமல் போயிற்றே என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

டத்தோவின் திரையில் முதல் பக்கத்தில் சதவீதம். விற்பனை இருப்பது மூன்றாம் பக்கத்தில். டத்தோ முதல் பக்கத்தைப் படம்பிடித்துத் தன் நண்பர் வட்டத்தில் எல்லாருக்கும் அனுப்பினார். ஒரு புதன்கிழமை, ராகுவெல்லாம் பார்த்து, டத்தின் கையாலேயே நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார்கள். ஆட்களெல்லாம் கைதட்டினார்கள். ஆப்ரின் மட்டும், "சார், ஆர்டர் இருபத்தெட்டு பெர்சென்ட் எறங்கியிருக்கே, பாத்தீங்களா?" என்றாள். கேட்காமல் அவள் சொன்ன ஒரே வாக்கியம் அது. அடுத்த வாரமே அவளுடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டதாகச் சொல்லிக் கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள்.

இருபத்தெட்டு சதவீதத்துக்கு ஒரு கணக்கு வேண்டுமல்லவா? பொட்டலம் கட்டுகிற பகுதியில் ஆள் அதிகம் என்று மென்பொருளே கண்டுபிடித்துப் பதினான்கு பெண்களின் பெயரை வரிசைப்படுத்தித் தந்தது. பொது மேலாளராகச் சுகுமாறன் போட்ட முதல் கையெழுத்துகள் அவை. சின்னத்தம்பி கடிதத்தில் பேனா இரண்டு இடத்தில் நின்று நின்று போயிருந்தது. இந்தப் பதினான்கையும் ஏர்கோன் குளிர்ந்து வருவதற்குள் முடித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரேமலா மீன் வாங்கிச் சமைத்துத் தம்பியை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். அவன் வந்தான். இளைத்திருந்தான். சட்டைப் பையில் டெஸ்ட் பென் இல்லை. "கங்கிராட்ஸ் மாமா" என்று இரண்டு கையாலும் சுகுமாறன் கையைப் பிடித்துக் குலுக்கினான். பாதிச் சோறு சாப்பிட்ட பிறகுதான் வந்த விஷயத்தை எடுத்தான்.

"யோங் பெங்ல ஒரு லோரி கம்பெனி கூப்புட்டிருக்கான் மாமா. செம்பனை எண்ணெய் ஏத்தற டாங்கி லோரி. எல்லாம் பேசியாச்சு. பழைய கம்பெனியிலருந்து ஒரு லெட்டர் மட்டும் கேக்கறான். பதினாலு வருஷம் ஒழுங்கா ஓட்டுனான்னு ரெண்டு வரி. நாளைக்குக் காலையில குடுக்கணும். இப்ப நீங்கதானே ஜி.எம்."

அலுவலகத் தாள்கள் சுகுமாறன் பையிலேயே இருந்தன. முத்திரையும் இருந்தது. கை கழுவி எழுதினால் ஐந்து நிமிடம். ஆனால் சின்னத்தம்பி ஒழுங்காக ஓட்டினான் என்று பொது மேலாளரே எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதம் நாளைக்கு யார் கையிலாவது சிக்கி டத்தோவிடம் போனால், பிறகு அந்த முப்பத்து மூன்று தாமதத்துக்கும் யார் காரணம்? சுகுமாறன் பையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டார்.

"இப்பெல்லாம் கையால எழுதக்கூடாதுடா. லெட்டர்னா சிஸ்டம்தான் அடிக்கும். உன் பேரப் போட்டா அதுல இருக்கறதுதான் வரும்."

"ஓட்டுநர்னு வருமா?"

"முப்பத்து மூணு தடவையும் வரும்."

"அத எப்படி மாமா கொண்டு போய்க் காட்டறது..." சின்னத்தம்பி அக்காவைப் பார்த்தான். சின்ன வயதில் அடி விழப்போகும்போது பார்ப்பானே, அப்படி. "நீயாச்சும் சொல்லேன்கா."

பிரேமலா கணவனைப் பார்க்கவில்லை. குழம்புச் சட்டிக்குள் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அவரு கையில என்னடா இருக்கு? எல்லாம் சிஸ்டம்" என்றாள்.

வெளியே ஐஸ்கிரீம் விற்பவன் மணியடித்துக்கொண்டு போனான். சின்னத்தம்பி தட்டைப் பார்த்தபடி இரண்டு முறை தலையை ஆட்டினான். பிறகு நிமிர்ந்து, தன்னால் மாமா மனம் கஷ்டப்பட்டுவிட்டதோ என்று பயந்தவன்போலச் சிரித்தான்.

"பரவால்ல மாமா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. உங்களால முடிஞ்சா செய்யாமயா இருப்பீங்க?"

சட்டியில் மீன்தலை ஒன்றுதான் இருந்தது. பிரேமலா அதைக் கரண்டியில் எடுத்துத் தம்பி தட்டில் வைக்கப்போனாள். அவன் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தான்.

"மாமாவுக்கு வைக்கா. ஜி.எம். ஆயிட்டாரு."

சுகுமாறன் தட்டை நகர்த்திக் காட்டினார்.